தூங்கிய கால்கள்: 14 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒரு வால்சக்கரப் பயிற்சி

இந்த ஆய்வில் வருகிறவர் 57 வயதுக் கட்டட ஒப்பந்தக்காரர். 1996-ல் கலிபோர்னியாவில் தனியார் விமானி உரிமம் வாங்கியவர். மூக்குக்குக் கீழே சக்கரம் உள்ள சிறு விமானமான செஸ்னா 172-லேயே கற்று, அதையே வாடகைக்கு எடுத்துப் பறந்தவர். 2008-ல் வீட்டுச் சந்தை சரிந்தபோது தொழில் படுத்துவிட்டது. அடுத்த ஆண்டோடு பறப்பதை நிறுத்தினார். 2023-ல் கையில் பணமும் நேரமும் சேர்ந்ததும் திரும்பி வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "செஸ்னா வேண்டாம், நேரா வால்சக்கர விமானத்துலயே ஆரம்பிக்கலாமா?" அதாவது, மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே இல்லாமல் வாலுக்குக் கீழே இருக்கும் விமானம்.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் அடையாளமும் தேவையில்லை.

பயிற்றுநர்களில் பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு "முதலில் பழைய விமானத்தில் கையைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். பாதுகாப்பான பதில், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 14 வருடத் துருவில் நல்ல பழக்கங்களோடு சேர்ந்து கெட்ட பழக்கங்களும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். 172-ல் பத்து மணி நேரம் ஓட்டினால் அந்தக் கெட்ட பழக்கங்களுக்கு மறுபடி எண்ணெய் போட்டு மெருகேற்றித் தருகிறோம். அதனால் நேராக வாலுக்கே போகலாம் என்றேன். அந்த முடிவு எங்கே சரியாக அமைந்தது, எங்கே உதைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

காகித வேலை

அமெரிக்காவில் விமானி உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. அதை நம்பி வருகிறவர்களுக்குச் சில ஆச்சரியங்கள் காத்திருக்கும். இவர் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டியது மடங்கிப்போன காகித உரிமம். 2010 மார்ச் 31-க்குப் பிறகு காகித உரிமத்தை வைத்துக்கொண்டு விமானியாகப் பறக்க முடியாது. பிளாஸ்டிக் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மருத்துவத் தகுதியில் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. 2017 மே முதல் நடப்பில் இருக்கும் 'பேசிக்மெட்' முறைப்படி, 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது ஒரு மருத்துவச் சான்று செல்லுபடியாகி இருந்திருந்தால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே குறிப்பிட்ட படிவத்தோடு போய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கூடவே இணையவழிப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். இவருடைய கடைசிச் சான்று 2007-ல் வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பறப்பதை விட்டு, சான்றும் 2006-க்கு முன் காலாவதியாகியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

அடுத்தது ஃப்ளைட் ரிவ்யூ, பயிற்றுநரோடு செய்யும் திறன் மறுபார்வை. 24 காலண்டர் மாதங்களுக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடம், ஒரு மணி நேரம் வானில் பயிற்சி. இதை வால்சக்கர விமானத்திலேயே செய்யலாம், சட்டத்தில் தடையில்லை. பயிற்சி முடியும்வரை பொறுப்பு விமானி நான்தான்.

தரைப் பாடத்தில் அவரை அதிகம் உலுக்கியது வானொலிப் பேச்சு. அவர் காலத்தில் ரன்வேயில் ஏறிக் காத்திருக்கச் சொல்ல டவரிலிருந்து 'பொசிஷன் அண்ட் ஹோல்டு' என்பார்கள். 2010 செப்டம்பர் கடைசியில் அது 'லைன் அப் அண்ட் வெயிட்' ஆகிவிட்டது. அதே ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து, டாக்ஸி (தரையில் உருண்டு செல்லும்) அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக வழியில் குறுக்கிடும் ரன்வேயைத் தாண்டிவிட முடியாது. ஒவ்வொரு ரன்வேக்கும் தனித்தனியாக அனுமதி சொல்லப்பட வேண்டும். இரண்டும் அவர் நிறுத்திய மறு ஆண்டே வந்த மாற்றங்கள். 2020 ஜனவரி முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்வெளியில், விமானம் இருக்கும் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம் என்பது பெயரளவில்கூட அவருக்குத் தெரியாது. வால்சக்கரம் கற்றால் சிறந்த விமானி ஆகிவிடலாம் என்று ஹேங்கர் வாசல்களில் பெருமை பேசுவார்கள். இந்த ஓட்டைகளில் ஒன்றைக்கூட வால்சக்கரம் அடைக்காது.

விமானமும் களமும்

பயிற்சி விமானம் சிடாப்ரியா 7ஈசிஏ. லைகமிங் ஓ-235 எஞ்சின், 118 குதிரைத்திறன். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, நடுவில் ஸ்டிக் (கையால் இயக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு), இடது கையில் த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது). மாணவர் முன்னால், நான் பின்னால். 1964-ல் சந்தைக்கு வந்த இந்த வகை, 1940-களின் ஏரோங்கா சாம்ப் வழிவந்தது. நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்ட எச்ஏஎல் புஷ்பக் (முதலில் பறந்தது 1958-ல்) அதே ஏரோங்கா குடும்பத்தின் சீஃப் சாயலில் பிறந்தது. ஆக இரண்டும் பங்காளிகள். சென்னையிலோ பெங்களூரிலோ புஷ்பக் ஓட்டிய பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே வரும் கதை புதிதாக இருக்காது.

களம் சாண்டா பாலா. வெஞ்சுரா கவுண்டியில், எலுமிச்சை, வெண்ணெய்ப் பழத் தோட்டங்களுக்கு நடுவே ஆற்றோரத்தில் இருக்கும் சிறிய நிலையம். 1928-ல் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து இந்தப் பள்ளத்தாக்கையே வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஊர் விவசாயிகள் சேர்ந்து 1930-ல் உருவாக்கியது இது. டவர் இல்லை. ரன்வே நீளம் 2,600 அடிக்குச் சற்று மேல், அகலம் வெறும் 60 அடி. மதியத்துக்கு மேல் கடல்காற்று பள்ளத்தாக்கில் ஏறி வரும். தென்மேற்கு நோக்கிய ரன்வே 22-ல் இறங்கினால் பெரும்பாலும் எதிர்க்காற்று, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து.

இனி, வால்சக்கரம் ஏன் தொல்லை தருகிறது என்பது. முன்சக்கரம் உள்ள விமானத்தில் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். தரையில் ஓடும்போது விமானம் கோணலாகத் திரும்பினாலும், முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும் எடை அதை நேராக்கிவிடும். வால்சக்கர விமானத்தில் எடை சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு கொஞ்சம் திரும்பியதும் பின்னாலிருக்கும் எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும். அதனால் திருப்பம் இன்னும் பெரிதாகும். ஓர் அளவைத் தாண்டினால் ரட்டரை (காலால் இயக்கும், வாலிலுள்ள திசைதிருப்பும் பலகை) எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. வால் முன்னால் வந்து சுழன்றுவிடும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். உயிர்ச்சேதம் அபூர்வம், ஆனால் இறக்கை நுனி, சக்கரக் கால், ப்ரொப்பெல்லர் என்று பில் எகிறும். ப்ரொப்பெல்லர் தரையைத் தட்டினால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டி வரும்.

வானில் சரி, தரையில்?

வானில் அவர் என்னை அசத்தினார் என்றே சொல்ல வேண்டும். நேர்ப்பறப்பு, திருப்பங்கள், மெதுவேகப் பறப்பு, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) எல்லாம் முதல் பறப்பிலேயே திரும்பி வந்துவிட்டன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொறி தட்டியது. தூரத்து மலை உச்சியை மூக்கால் குறிபார்த்தபடி இறக்கைகளை இடமும் வலமும் சாய்க்கச் சொன்னேன். ஸ்டிக்கோடு ரட்டரும் சேர்ந்து அளவாகப் போனால் மூக்கு அந்த உச்சியிலேயே நிற்கும். இவருடைய மூக்கு ஒவ்வொரு சாய்வுக்கும் எதிர்ப்பக்கம் நழுவியது. கைகள் விழித்துவிட்டன, கால்கள் இன்னும் தூக்கத்தில். 172-ல் ரட்டரைத் தொடாமலே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். சிடாப்ரியாவின் ஐலரான்கள் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகைகள்) அந்தச் சலுகையைத் தருவதில்லை.

டேக்-ஆஃப் விரைவில் பிடிபட்டது. த்ராட்டில் போட்டதும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வாலைத் தூக்கும்போது சுழலும் ப்ரொப்பெல்லரின் ஜைரோ விளைவால் இன்னொரு இழுப்பு, அதுவும் இடப்பக்கமே. வலது காலை மிதித்தால் தீர்ந்தது. எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த தொல்லையை ஓர் ஒப்பந்தக்காரர் மூளை சமாளித்துவிடும். தரையிறங்கிய பிறகு வரும் தொல்லைக்கு அப்படி நேரங்காலம் கிடையாது.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொடும் த்ரீ-பாயிண்ட் லேண்டிங்கில் ஆரம்பித்தோம். ஃப்ளேர், அதாவது தரைதொடும் முன் மூக்கை மெல்ல உயர்த்துவது, அழகாக வந்தது. ஒரு மதியம், நாங்கள் செய்ததிலேயே மிக மென்மையான இறக்கம் ஒன்று அமைந்தது. காற்று முன்வலமிருந்து மிதமாக வீசியது. மூன்று சக்கரமும் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. முன் இருக்கையில் அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்குவது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது.

வேகம் குறைந்து, வேகமாக ஓடும் ஓர் ஆளின் அளவுக்கு வந்திருக்கும். மூக்கு மெல்ல வலப்பக்கம், காற்றை நோக்கித் திரும்பியது. அவர் பார்த்தார், ஆனால் காத்திருந்தார். பிறகு இடது ரட்டரை அழுத்தமாக மிதித்தார். மிதித்த கால் அங்கேயே நின்றது. மூக்கு நேருக்கு வந்த கணத்தில் கால் விலகவில்லை. விமானம் நேரைத் தாண்டி இடப்பக்கம் போனது. இப்போது வலது கால், அதுவும் தாமதம். மூன்றாவது ஆட்டம் முதல் இரண்டைவிடப் பெரிதாக வந்தபோது "என்கிட்ட" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்ட இழுத்து, எதிர் ரட்டரை முழுசாக மிதித்து, அந்தப் பக்கத்து பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினேன். ரன்வே விளிம்பில் கோணலாக நின்றோம், ஒரு சக்கரம் மண்ணில்.

எஞ்சினை அணைத்து இறங்கிச் சுற்றிப் பார்த்தோம். இறக்கை நுனி, சக்கரக் கால்கள், டயர் காற்று, வால்சக்கரத்தின் இரு பக்கச் சுருள்கள், அதன் திருகுமுனை. எதிலும் அடியில்லை, கோளாறும் இல்லை. விமானத்தின் மேல் பழிபோட வழியில்லை என்று அவரே சிரித்தார்.

ஏன் நடந்தது

இறங்கிய கையோடு ஹேங்கர் நிழலில் உட்கார்ந்து, அந்தச் சில விநாடிகளை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். "லேண்டிங் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்" என்றுதான் ஆரம்பித்தார். அந்த ஒரு வரியிலிருந்து மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது.

172-ல் அது உண்மையாகவே முடிந்த மாதிரிதான். முதன்மைச் சக்கரங்கள் தொட்டதும், மூக்கைத் தரையில் வைக்க இழுப்பைத் தளர்த்துவார்கள். முன்சக்கரம் பதிந்ததும், எந்த வழியில் வெளியேறலாம் என்று கண் தேட ஆரம்பிக்கும். இவரும் அன்று அதையேதான் செய்தார்: ஸ்டிக்கைத் தளர்த்தினார். சிடாப்ரியாவில் அதன் விளைவு நேர் எதிர். பின்னால் இழுத்துப் பிடித்த ஸ்டிக்தான் வால்சக்கரத்தைத் தரையில் அழுத்தி, அதற்குத் திசைதிருப்பும் பிடியைத் தருகிறது. அதை விட்டதும் வால் லேசாகிவிட்டது. காற்றை நோக்கிச் சாய்த்து வைத்திருந்த ஐலரானும் கூடவே நடுநிலைக்கு வந்துவிட்டது. வேகம் குறையக் குறைய ரட்டரில் படும் காற்றும் வலுவிழந்துகொண்டே வந்தது. ரட்டரும் கைவிட, வால்சக்கரமும் பிடிக்காத இடைவெளி அது. காற்றுத்திசைகாட்டிபோல விமானம் காற்றை நோக்கித் திரும்புவதற்கு அதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

கண்ணும் ஒரு காரணம். மூக்குக்குச் சற்று முன்னால் இருக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்த்தால் மூக்கு பல பாகை திரும்பிய பிறகுதான் தெரியும். ரன்வேயின் கோடிமுனையைப் பார்த்தால் ஒரு பாகை நகர்ந்தாலே உறுத்தும். கால் தாமதித்ததற்குப் பாதிக் காரணம் கண் தாமதமாகச் சொன்னது.

ஆக, இங்கே மறதிக்குப் பங்கில்லை. 14 வருடம் கழித்தும் அழியாமல் நின்ற ஒரு பாடம் தவறான விமானத்தில் வேலைசெய்தது. அந்தப் பாடத்தை அவருக்குத் தந்தவர்களையும் குறைசொல்ல முடியாது. 1951-ல் பைப்பர் ட்ரை-பேஸரும், 1956-ல் செஸ்னா 170-க்கு முன்சக்கரம் வைத்த 172-ம் வந்த பிறகு பயிற்சி உலகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைப் பயிற்றுநர்கள் பலருக்கே வால்சக்கரம் பழக்கமில்லை. அதற்கென்று தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் கையெழுத்தும் வேண்டும் என்ற விதி 1991 ஏப்ரல் 15-ல்தான் வந்தது. அதற்கு முன்பே பொறுப்பு விமானியாக வால்சக்கர நேரம் பதிந்தவர்களுக்கு இன்றும் விலக்கு உண்டு.

காலை எழுப்புதல்

உடனே இன்னொரு சுற்றுப் பறந்து பயத்தைப் போக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று நிறுத்திவிட்டு, அடுத்த வகுப்பில் பறக்கவே இல்லை.

அதிகாலையில், காற்றும் போக்குவரத்தும் இல்லாத நேரத்தில், ரன்வேயில் ஓட மட்டும் செய்தோம். த்ராட்டிலும் ஸ்டிக்கும் என்னிடம், கால்கள் மட்டும் அவருடையவை. வாலைத் தரையில் வைத்து ஓர் ஓட்டம், வாலைத் தூக்கி ஓர் ஓட்டம், வால் இறங்கும் அந்த இடைவேகத்தில் பல ஓட்டங்கள். கண் கோடிமுனையை விட்டு நகரக்கூடாது. 'மிதி, விடு' என்பது மட்டுமே பேச்சு. மூக்கு நேருக்கு வந்து சேரும்வரை காத்திராமல், திரும்பத் தொடங்கியதுமே காலை விட வேண்டும். சிறுசிறு மிதிகள், இடைவிடாமல், தேவையில்லாதபோதும்.

அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேலைத்தளத்துக்குப் போடும் தடித்த அடியுள்ள பூட்ஸோடு வந்திருந்தார். பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அவருக்கே தெரிய வழியில்லை. மறுமுறை அடி மெலிந்த பழைய கேன்வாஸ் ஷூவில் வந்தார். மிதிகள் பாதியாகச் சிறுத்தன. எந்தப் பாடத்திட்டத்திலும் செருப்பைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள்.

த்ரீ-பாயிண்ட் அதற்குப் பிறகு சிக்கலாக இருக்கவில்லை. விமானம் நிறுத்துமிடத்தில் நின்று எஞ்சின் ஓயும்வரை ஸ்டிக் வயிற்றை விட்டு நகரக்கூடாது என்று ஒரு விதி வைத்தோம். சில வகுப்புகளுக்குப் பிறகு அதை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

வீல் லேண்டிங் வேறு கதை. வால்சக்கரக் கையெழுத்துக்குச் சட்டம் மணி நேரம் எதுவும் சொல்வதில்லை. சாதாரண மற்றும் குறுக்குக்காற்று டேக்-ஆஃபும் லேண்டிங்கும், வீல் லேண்டிங், கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே போவது) ஆகியவற்றில் தேர்ச்சி என்று மட்டும் கேட்கிறது. வீல் லேண்டிங்கில் வாலைத் தூக்கியபடி முதன்மைச் சக்கரங்களில் மட்டும் இறங்க வேண்டும். சக்கரம் தொட்டதும், பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே இழுக்கும். வால் இறங்கினால் இறக்கையின் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு அது அமைக்கும் கோணம்) கூடும். கூடினால் விமானம் மறுபடி எழும். அதைத் தடுக்க, தொட்ட கணத்தில் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். தரைக்கு அருகில் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவது இவருடைய உடம்பு முழுக்க எதிர்க்கும் காரியம். முதலில் இழுத்தார், குதித்தது. பிறகு குதித்தபின் தள்ளினார், அது இன்னும் மோசம். இரண்டாவது குதிப்பு முதலதைவிட உயரமாக வந்தது. குதித்தால் சரிசெய்யப் பார்க்காதே, த்ராட்டிலைப் போட்டு மேலே போ என்பதை நிபந்தனையாகவே வைத்தேன்.

இதற்குச் சாண்டா பாலா போதாது என்று காமரில்லோவுக்குப் போனோம். பழைய விமானப்படைத் தளம். ரன்வே 6,000 அடி, அகலமும் இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவு நீளத்தில் கொஞ்சம் எஞ்சின் விசையோடு தாழ்வாகப் பறந்து, காற்று வரும் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் தரையில் உருட்டிக்கொண்டே போகலாம். 'இறங்க வேண்டும்' என்ற அவசரம் இல்லாதபோது அந்தத் தள்ளு தானாக வந்தது. டவரும் இருப்பதால், புதிய வானொலிச் சொற்களும் அங்கேதான் நாக்கில் ஏறின.

கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று, யாரையாவது ஏற்றிக்கொண்டு போக வேண்டுமானால், முந்தைய 90 நாளில் வால்சக்கர விமானத்தில் மூன்று டேக்-ஆஃபும் மூன்று லேண்டிங்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு லேண்டிங்கும் முழுசாக நின்றதாக இருக்க வேண்டும். தொட்டு எழும்புவது கணக்கில் வராது. சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, வம்பு எங்கே இருக்கிறதென்று. இன்னொன்று, சட்டம் கேட்காத மணி நேரத்தை வாடகை விமானத்தின் காப்பீட்டுக்காரர் கேட்கலாம். தனியாக எடுப்பதற்கு முன் விசாரிக்கவும்.

ஒரு பாக்கி இருக்கிறது. இரு நிலையங்களிலும் பயிற்சி முழுக்க அவர் சந்தித்தது வலப்பக்கக் காற்று. டேக்-ஆஃபில் எஞ்சின் இடப்பக்கம் இழுக்கும்போது, வலப்பக்கக் காற்று மூக்கை வலம் திருப்பி ஓரளவுக்கு உதவிவிடுகிறது. இடப்பக்கக் காற்றில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும்; வலது ரட்டர் முழுசாகத் தேவைப்படலாம், அதுவும் போதாமல் போகலாம். இங்கே அப்படிப்பட்ட காற்று நினைத்தபோது கிடைக்காது. குளிர்கால மழை மேகங்களுக்கு முன்னால் தெற்கிலிருந்து வீசும் நாட்களில் காமரில்லோவில் கிடைக்கும். அதுவரை இடப்பக்கம் எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) குறுக்குக்காற்றுக்கு மேல் தனியாகக் கிளம்பக்கூடாது என்று லாக்புக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நவம்பரில் முதல் மழை முன்னறிவிப்பு வந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.